ரேடியேஷன் நடுவில் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, டியூப் போடலாமா?

கோபி மகள்:
அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். கோயமுத்தூரில் ரேடியேஷன், மூன்றாவது வாரம் ஓடுகிறது. 64 கிலோ இருந்தவர் இப்போது 59. அரிசி பருப்புச் சாதம் என்றால் உயிர் அவருக்கு. அதையே குழைய வைத்து நெய் விட்டுக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்குள் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. மூக்கு வழியாக டியூப் போடச் சொல்கிறார் டாக்டர். அப்பாவோ, "கொழாய் போட்டா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம், வேண்டாங் கண்ணு" என்கிறார். பார்க்க வரும் சொந்தக்காரர்களும் அதற்குத் தலையாட்டுகிறார்கள். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

பெருந்துறை அக்கா:
போடச் சொல்லு கண்ணு. என் வீட்டுக்காரருக்கு நாக்கில் வந்தது, அவரும் இதையேதான் சொன்னார். ரேடியேஷனால் தொண்டையில் வந்த புண் இன்னும் ஏறும். ரேடியேஷன் முடிந்தும் ஒன்றிரண்டு வாரம் தணியாது. அப்பாவிடம் இதைச் சொல்: படுக்க வைத்து முகத்தில் மாட்டுகிறார்களே வலை மாதிரி மாஸ்க், அது அவர் முகத்துக்கு அளவெடுத்தது. உடம்பு இளைத்தால் அது தொளதொளத்துப் போகும். மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட வேண்டி வரலாம். சிகிச்சை தடைபடாமல் முடியத்தான் டியூப். விழுங்க வந்ததும் எடுத்துவிடுவார்கள்.

ராகிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும். அழுத்தித் தள்ளாதே. முன்னும் பின்னும் கொஞ்சம் வெந்நீர் ஆறவைத்து விட்டால் அடைக்காது. உட்கார வைத்தே கொடு, அரைமணி நேரம் படுக்க விடாதே. வாய்க்குக் கொள்ளு ரசம், புளி, மிளகு எதுவும் இப்போது ஆகாது.

திருப்பூரிலிருந்து, பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர்:
அக்கா சொன்னதோடு ஒன்று. தண்ணீரோ காபியோ குடிக்கும்போது இருமுகிறாரா, குடித்ததும் குரல் களகளவென்று கேட்கிறதா? அப்படியென்றால் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. சிலருக்கு இருமலே வராமலும் போகும், அதனால் காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். விழுங்கும் திறனைச் சோதித்து, எந்தப் பதம் பாதுகாப்பு என்று சொல்லக் கேளுங்கள். பலருக்குத் தண்ணீரைவிடக் கூழ்ப் பதம் எளிது. டியூப் போட்ட பிறகும், அனுமதித்த அளவுக்கு வாயால் விழுங்கட்டும். தொண்டைத் தசை சும்மா கிடந்தால் பிறகு பழகக் கஷ்டம். வாய் கொப்பளிக்க 1 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. நாக்கில் வெள்ளையாகப் படிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், காட்டுங்கள்.

கோபி மகள்:
காபிக்கு இருமுகிறார்தான். நாளைக்கே டாக்டரிடம் சொல்கிறேன். மாஸ்க் விஷயத்தைச் சொன்னதும் அப்பா, "சரி, போடட்டும்" என்றார். டியூபோடு வெளியே போகலாமா அக்கா? தோட்டத்துக்குப் போகாமல் அவரால் இருக்க முடியாது.

பெருந்துறை அக்கா:
தாராளமாக. எங்க வீட்டுக்காரர் மூக்கில் டியூபோடே ஈரோடு போய் மஞ்சள் விலை விசாரித்துவிட்டு வந்தார். வெயில் தாழ்ந்து போகட்டும், கழுத்துத் தோல் எரியும். டியூபில் மூக்கு ஓரத்தில் இருக்கும் குறியை ஒவ்வொரு தடவையும் பார். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றாதே, நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.