ஆச்சியின் அந்தாதி நின்ற இடம்: நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள்

தாமிரபரணிக்காரன்:
ஆச்சிக்கு மறதி நோய் வந்து மூன்றாவது வருஷம். என் அம்மாவையே "யாரு தாயி நீ?" என்று கேட்கும் நிலை. ஆனால் விளக்கு வைத்ததும் யாராவது "உதிக்கின்ற" என்று எடுத்துக்கொடுத்தால் போதும், அபிராமி அந்தாதி வரிசையாக வந்துவிடும். அந்தாதி தெரியும்தானே? "விழுத்துணையே" என்று ஒரு பாட்டு முடிந்தால் "துணையும்" என்று அடுத்தது பிடித்துக்கொள்ளும். நூறாவது பாட்டு "உதிக்கின்றனவே" என்று முடிவதால் சில நாள் ஆச்சி நிற்காமல் மறுபடி முதல் பாட்டுக்கே போய்விடுவார்.

ஒரு நாள் நாற்பது பாட்டு தாண்டியிருக்கும். மாத்திரைக்கு நேரமாகிவிட்டதென்று நடுவில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. எந்தச் சொல்லில் நிறுத்தினார் என்று எனக்கும் தெரியவில்லை. டம்ளரைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அந்த ஒரு சொல்லை நான் கவனித்திருக்கலாம்.

இடலாக்குடி வாசகர்:
எங்கள் ஊர் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். நூறு காரியத்தை ஒருசேர மனத்தில் வைப்பது பிறவி வரம் என்றே நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கு ஒரு கவனகர், அதாவது இப்படிப் பலவற்றை ஒரே நேரத்தில் நினைவில் வைத்துச் செய்துகாட்டுபவர், வந்தார். அவர் முதுகில் பூ எறிவது என் வேலை. ஒரு பக்கம் மணி அடித்தார்கள், ஒரு பக்கம் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தார்கள், நடுவில் ஆளுக்கொரு எண்ணும் பொருளும் சொன்னோம். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார், நான் எறிந்த 27 பூ உட்பட.

முடிந்ததும் எப்படி என்று கேட்டேன். "என் வீட்டுக்கு வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் எண் போட்டு வச்சிருக்கேன் தம்பி. நீ 37க்குச் சொன்ன கத்தரிக்கோல் இன்னும் கிணத்து உருளையில தொங்குது" என்றார். இன்றைக்கும் கிணற்றைப் பார்த்தால் எனக்குக் கத்தரிக்கோல்தான் தெரிகிறது.

தாமிரபரணிக்காரன், ஆச்சியிடம் இருந்தது சங்கிலி. கவனகரிடம் இருந்தது வீடு, எந்த அறைக்கும் நேரே போகலாம்.

செஸ் அத்தை:
ஆச்சியை இதில் சேர்க்காதீர்கள். அது சிறுவயதில் ஓதி ஓதி ஏறியது. யோசனையை ஒழுங்குபடுத்துவது வேறு விஷயம்.

என் அண்ணன் மகளுக்கு 11 வயது. பாதி ஆட்டத்தில் நிற்கும் பலகையை ஐந்து விநாடி பார்த்துவிட்டு, கலைத்துக் கொடுத்தால் அப்படியே அடுக்குவாள். ஒரு நாள் அதே காய்களை இஷ்டத்துக்கு வைத்துக் காட்டினேன். நான்கைந்துக்கு மேல் வரவில்லை. "அத்தை, இது ஆட்டமே இல்ல!" என்று அழுதுவிட்டாள். "உன் ஞாபகம் அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன். பிறகுதான் படித்தேன்: 1973இல் சேஸ், சைமன் என்ற இருவர் இதே சோதனையைச் செய்தபோது, தாறுமாறான பலகையில் தேர்ந்த ஆட்டக்காரருக்கும் புதியவருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் போனது. அவள் காய்களைப் பார்க்கவில்லை, எது எதைக் காக்கிறது என்று பார்த்திருக்கிறாள். நான் கேட்டது தப்பு.

மளிகைக்கடை மகன்:
அப்பா இருபது சாமான் காதால் கேட்டு, எழுதாமல் கட்டிக்கொடுப்பார். அலமாரி வரிசைதான் அவருக்குச் சீட்டு. வெள்ளையடித்தபோது நான் எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினேன். மறுநாள் உளுந்து இருந்த இடத்தில் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

சரி, வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டாம். ஒருமுறை வாசித்ததும் தன் சொல்லில் நான்கைந்து தலைப்பு போடட்டும், மற்றதெல்லாம் அவற்றின் கீழே. புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் எழுதிப் பார்க்கட்டும். விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்த்துச் சேர்க்கட்டும். மறுநாள் ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை. கடைக்குப் போகிறவர்கள் சாம்பாருக்கு, ரசத்துக்கு, காலைப் பலகாரத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். போன் நம்பரை ஐந்தைந்தாகத்தானே சொல்கிறோம்? மனம் ஒரே மூச்சில் பிடிப்பது ஏழு, கூடக்குறைய இரண்டு என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956லேயே எழுதினார். பத்தை இரண்டாக்கினால் கனம் குறையும்.

தாமிரபரணிக்காரன்:
அத்தை, ஓதி ஏறியதுதான். ஆனால் ஆச்சிக்கு அதே வயதில் ஏறிய வேறு பாட்டெல்லாம் போய்விட்டது, அந்தாதி மட்டும்தான் நின்றது. அன்று நாங்கள் மறுபடி "உதிக்கின்ற" என்று தொடங்கினோம், ஆச்சி சேர்ந்துகொண்டார். நான் நிறுத்திய இடம் எது என்று தெரியாமலே தாண்டிப் போய்விட்டார். அதற்கப்புறம் விளக்கு வைக்கும் முன்பே மாத்திரையைக் கொடுத்துவிடுவோம்.