ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், பாடத்தைவிட மற்றதெல்லாம்தான் கவலையாக இருக்கிறது

வைகறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. ஐந்தாவது வரை படித்தது சின்னப் பள்ளிக்கூடம். காலையிலிருந்து மாலை வரை ஒரே வகுப்பறை, ஒரே டீச்சர். இவள் முகம் வாடினால் எதற்கென்று அந்த டீச்சருக்கே தெரிந்துவிடும். இப்போது சேர்த்திருப்பது ஆறு முதல் எட்டு வரை மட்டும் உள்ள நடுநிலைப் பள்ளி. பாடத்துக்கு ஒரு ஆசிரியர். அறிவியலுக்கு லேப், கணினிக்கு வேறு மாடி. அடுத்த வாரம் திறக்கிறார்கள்.

பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். "ரெண்டு பெல்லுக்கு நடுவுல பாத்ரூம் போயிட்டு வர டைம் இருக்குமா?" "சார் பேரு மறந்துட்டா வெறும் சார்னு கூப்பிட்டா போதுமா?" நேற்று விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, "லேப் எங்கேன்னு தெரியலைன்னா யார்கிட்ட கேக்கிறது?"

இவள் அப்பா ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டார். முதல் இரண்டு பாடத்தை இப்போதே நடத்தி முடித்துவிட்டால் தைரியம் வந்துவிடும் என்கிறார். எனக்கென்னவோ அவள் பயம் கணக்கில் இல்லை என்று தோன்றுகிறது. பழைய தோழிகள் யாரும் இந்தப் பிரிவில் இல்லை. அப்புறம், வயதுக்கு வருகிற பருவம் வேறு. வீட்டில் அந்தப் பேச்சையே இன்னும் எடுக்கவில்லை.

முதல் மாதத்தில் எதையெல்லாம் நான் கூட இருந்து பார்க்க வேண்டும், எதை அவளிடமே விட்டுவிடலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்தூள் எழுதியது:

வைகறை, நான் ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை, கணக்கு எடுக்கிறேன். உங்கள் ஊகம் சரி. நீங்கள் எழுதியிருக்கிற மூன்று கேள்விகளும் ஆண்டுதோறும் முதல் வாரத்தில் என் மேசைக்கு வருகிறவைதான். கணக்கு எப்படி இருக்குமோ என்று முதல் நாளில் கேட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பாத்ரூம் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். எங்கே இருக்கிறது, கூட்டம் இருக்குமா, தாழ்ப்பாள் சரியாக விழுமா, பாடவேளையில் கேட்டால் விடுவார்களா என்று தெரியாமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மாலையில் அவள் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் கொடுத்தனுப்பிய கனத்திலேயே திரும்பி வந்தால் விஷயம் புரிந்துவிடும். "தண்ணீர் ஏன் குடிக்கலை?" என்று கேட்காமல், "பாத்ரூம் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

திறப்பதற்கு முன் ஒருநாள் பள்ளிக்குள் நடந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சும்மா சுற்றிக் காட்டுவதால் பயனில்லை. கால அட்டவணை கையில் இருந்தால் திங்கட்கிழமை வரிசையிலேயே நடக்கட்டும்: வகுப்பறை, லேப், திரும்பவும் வகுப்பறை, சாப்பிடுகிற இடம். அவள் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளியில் ஒரே டீச்சர் என்பதால், இன்று தமிழில் வீட்டுப்பாடம் அதிகம், கணக்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்துவிடுவார். ஆறாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் என்ன கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது, நான் கொடுத்தது அவருக்குத் தெரியாது. மூன்று பேர் ஒரே வெள்ளிக்கிழமையில் தேர்வு வைப்போம். எல்லாவற்றையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கும் ஒரே ஆள் உங்கள் மகள்தான். பதினொரு வயதில் இது லேசுப்பட்ட வேலை இல்லை. பாடம் புரியாமல் பின்தங்குகிறவர்களைவிட, எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் பின்தங்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இன்று கொடுத்து நாளை கேட்கிற வேலை தொலையாது. திங்கட்கிழமை கொடுத்து வியாழக்கிழமை கேட்பதுதான் தொலையும். டைரியைப் புரட்டினால் திங்கள் பக்கத்தின் மூலையில் "கணக்கு – பயிற்சி" என்று பென்சிலில் இருக்கும். எந்தப் பயிற்சி, எத்தனை கணக்கு, என்றைக்கு, ஒன்றும் இருக்காது. செவ்வாய்க்கிழமை பக்கம் திருப்பினால் அந்த வேலை கண்ணிலேயே படாது. அதனால் என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கொடுத்த நாளில் எழுதுவதோடு, கேட்கப் போகிற நாளின் பக்கத்திலும் எழுத வேண்டும். முந்தின நாள் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. இதை வீட்டிலேயே பழக்கிவிடலாம். பெல் அடிக்கிற நேரத்தில்தான் நாங்கள் வீட்டுப்பாடம் சொல்வோம் (தப்புதான், எல்லா ஆசிரியர்களுக்கும் இந்த வியாதி உண்டு). அதற்குள் பாதிப் பேர் பையை மூடியிருப்பார்கள். டைரி கடைசியாகத்தான் பைக்குள் போக வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

பையை அடுக்குவது ராத்திரியில், அவள் கையால். முதல் இரண்டு வாரம் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், கை வைக்காதீர்கள். அவள் அட்டவணையை வாய்விட்டுப் படித்து, புத்தகத்தை எடுத்து வைக்கட்டும். அப்புறம் "பார்த்துட்டியா?" என்று கேட்டால் போதும். அதற்கும் அப்புறம் அதுகூட வேண்டாம். ஒருநாள் நோட்டை மறந்துவிட்டுப் போவாள். எடுத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். என்னிடம் வந்து "மறந்துட்டேன் மிஸ், நாளைக்குக் காட்டுறேன்" என்று சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகியவர்கள் ஆண்டு முழுக்கச் சமாளித்துவிடுகிறார்கள்.

இதில் பள்ளிகளின் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற உளவியலாளர் 1980களிலும் 90களிலும் இதைத்தான் ஆராய்ந்தார். சுயமாக முடிவெடுக்க ஆசைப்படுகிற, பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரின் நெருக்கம் தேவைப்படுகிற வயது இது. சரியாக அந்த நேரத்தில் நடுநிலைப் பள்ளி கட்டுப்பாட்டைக் கூட்டுகிறது, மதிப்பெண் ஒப்பீட்டைக் கூட்டுகிறது, ஆசிரியரோடு இருக்கும் நெருக்கத்தைக் குறைக்கிறது. பிள்ளைகளின் ஆர்வம் இந்த வயதில் சரிவதற்கு வயதை மட்டும் குறை சொல்ல முடியாது, பொருத்தமில்லாத சூழலும் காரணம் என்றார் அவர். அதனால் அந்தப் பள்ளியில் அவளுக்கு ஒரு ஆசிரியரையாவது நெருக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பாசிரியர்தான் என்றில்லை. நூலகர், விளையாட்டு ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி.

பயத்துக்கு வருகிறேன். "பயப்படாதே, ஒன்றுமில்லை" என்பதால் பயன் குறைவு. 2019-இல் ஜெஃப்ரி போர்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவின் மேடிசன் நகரில் 11 நடுநிலைப் பள்ளிகள், 1,300-க்கும் மேற்பட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 15 நிமிட எழுத்துப் பயிற்சி இரண்டு, அவ்வளவுதான். மூத்த மாணவர்களின் அனுபவத்தைப் படிக்கக் கொடுத்தார்கள்: எனக்கும் இங்கே ஒட்டவில்லை, எனக்கும் தேர்வு பயமாக இருந்தது, கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. பிறகு தங்கள் சொந்த அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் பள்ளிக்கு மட்டம் போடுவதும், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவதும், பாடத்தில் தோற்பதும் மற்றவர்களைவிடக் குறைந்தன. ஏழாவது எட்டாவது படிக்கிற ஒரு அக்கா உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இருந்தால், ஒரு மணி நேரம் இருவரையும் பேச விட்டுவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் போய்விடுங்கள்.

கணக்கு: உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், முன்னால் ஓட வேண்டாம், கொஞ்சம் பின்னால் போகட்டும். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். 2/5 என்று எழுதினால் அங்கேதான் வேலை இருக்கிறது. ராபர்ட் சீக்லர் குழுவினர் 2012-இல் பிரிட்டன், அமெரிக்கத் தரவுகளை வைத்துக் கண்டது: பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பது, உயர்நிலைப் பள்ளிக் கணக்கு எப்படி அமையும் என்பதை முன்கூட்டியே காட்டுகிறது. குடும்ப வருமானத்தையும் பொது அறிவுத்திறனையும் கழித்துப் பார்த்தாலும் அப்படித்தான். குறை எண்களும் எக்ஸ், ஒய்யும் நாங்கள் சொல்லிக்கொடுப்போம், அது எங்கள் பாடு.

கடைசியாக, மாதவிடாய். பேச்சை இந்த வாரமே எடுங்கள். பத்து வயதிலும் வரலாம், பதினான்கிலும் வரலாம். ஒரு சின்ன ஜிப் பையில் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, ஒரு கவர் வைத்துப் பையின் உள்ளறையில் போட்டுவிடுங்கள். அதை எப்படி ஒட்டுவது என்று வீட்டில் ஒருமுறை செய்து காட்டுங்கள். பள்ளியில் ஆனால் எந்த டீச்சரிடம் போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பது வரை பேசிவிடுங்கள். "மிஸ், வயிறு வலிக்குது, வெளியே வாங்க" என்றாலே எங்களுக்குப் புரியும்.

இரவுப்பூச்சி எழுதியது:

டீச்சர் சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் மாதம் நோட்டை மறந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்பேன். புது இடம், புது ஆட்கள், அதற்குள் வகுப்பு முன்னால் எழுந்து நிற்க வேண்டுமா? என் மகன் அதிலேயே சுருண்டுபோகிற ரகம். பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் சொல்ல வந்தது தூக்கம். 6 முதல் 12 வயது வரை 9-லிருந்து 12 மணி நேரம், 13-க்கு மேல் 8-லிருந்து 10 மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னது. ஆனால் பருவ மாற்றம் தொடங்கும்போது, தூக்கத்தை வரவைக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிற நேரமே தள்ளிப்போகிறது. ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழ முடியாது. சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. இதற்காகவே கலிஃபோர்னியாவில் நடுநிலைப் பள்ளிகள் காலை 8 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டம் போட்டு, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. விடுமுறையில் கெட்டுப்போன நேரத்தை இந்த வாரமே கால் மணி, கால் மணியாக முன்னால் இழுத்து வாருங்கள். போன் படுக்கையறைக்கு வெளியே.

அப்புறம் அந்த வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு. சேருங்கள், ஆனால் ஊமையாக்கி வையுங்கள். இரவு ஒன்பதரைக்கு "நாளைக்கு என்ன ஹோம்வொர்க்?" என்று ஒருவர் கேட்பார், நாற்பது பேர் பதில் போடுவார்கள். டைரிக்கு அப்புறம் என்ன மரியாதை?

எட்டாவது_பி எழுதியது:

ஆன்ட்டி, இது என் அம்மா ஐடி. நான் எட்டாவது படிக்கிறேன். அம்மாதான் எழுதச் சொன்னார்கள்.

முதல் நாள் பார்த்தால் எல்லோருக்கும் ஏற்கெனவே ஃபிரெண்ட்ஸ் இருக்கிற மாதிரியே தெரியும். உண்மையில் பாதிப் பேர் யாரையும் தெரியாமல்தான் நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். இரண்டு பேனா கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேனா கேட்டு வருகிறவர்தான் முதலில் பேசுவார். லேபுக்கு முன்னால் போகிறவர் பின்னாலேயே போகலாம், ஆனால் அவர் நம்ம செக்‌ஷன்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருத்தன் ஏழாம் வகுப்பு அண்ணன்கள் பின்னால் போய் அவர்கள் லேபிலேயே உட்கார்ந்துவிட்டான். சார் அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

கஷ்டமான நேரம் என்றால் சாப்பாட்டு நேரம்தான். எங்கே உட்காருவது என்று தெரியாது. முந்தின பீரியடில் பக்கத்தில் இருந்தவரிடம் "சேர்ந்து சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டால் முடிந்தது. எனக்கு அது மூன்றாவது வாரத்தில்தான் வந்தது, அதுவரை நூலகத்தில் இருந்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சார் பெயர் மறந்தால் சார் என்றே கூப்பிடலாம். அவர்களுக்கும் எங்கள் பெயர் தெரியாது.

வைகறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எட்டாவது பி, உன் பதிலை அவளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். லேப் விஷயத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் போனை வாங்கித் தானே இன்னொரு தடவை படித்தாள்.

ஜிப் பை தயார். பேச ஆரம்பித்தால் "எனக்குத் தெரியும்மா" என்கிறாள். ஆனால் பாதி தவறாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். நல்லவேளை, பேச்செடுத்தோம். 1/2 + 1/3-க்கு 2/5 என்றுதான் வந்தது. இப்போது அப்பாவும் மகளும் காகிதத்தை மடித்து மடித்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் மேசையில் மூடிக் கிடக்கிறது.

சாக்பீஸ்தூள், ஒரே ஒரு கேள்வி. முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் உடனே வகுப்பாசிரியரைப் பார்க்க வரலாமா, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா?

சாக்பீஸ்தூள் எழுதியது:

முதல் தேர்வில் நிறையப் பேருக்குக் குறையும். மொத்தத்தைப் பார்க்காமல் விடைத்தாளைப் பாருங்கள். கடைசிக் கேள்விகள் வெற்றாக இருந்தால் நேரம் போதவில்லை. கேள்வியையே தவறாக எடுத்து எழுதியிருந்தால் அவசரம். படிகள் சரியாக இருந்து விடை மட்டும் தவறென்றால் கவலையே வேண்டாம். இவற்றுக்கெல்லாம் காத்திருக்கலாம்.

காத்திருக்கக் கூடாதது வேறு. குறிப்பிட்ட ஒரு கிழமையில் மட்டும் காலையில் வயிற்று வலி வந்தால், சாப்பாடு அப்படியே திரும்பி வந்தால், யார் பெயரையும் வீட்டில் சொல்லவில்லை என்றால், தேர்வு வரை பொறுக்காமல் வந்துவிடுங்கள். அந்தக் கிழமையில் என்ன பாடம், யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று அட்டவணையை ஒருதடவை பார்த்துவிட்டு வாருங்கள். வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். அவளை வராந்தாவில் நிற்க வைத்துவிட்டு உள்ளே நாம் மட்டும் பேசுகிற வேலை வேண்டாம்.