கலைச்சொல் தேவை: கிளட்சின் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர்

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர்)

குழுவினருக்கு வணக்கம். கரடுமுரடு நிலத்தில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டியின் பழுதுநீக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிளட்ச் கசிவு இயல் மட்டும் நிற்கிறது. மிதியோடு இணைந்தது மாஸ்டர் சிலிண்டர். கியர்பெட்டிப் பக்கம் இருந்து, கிளட்சை விடுவிக்கும் கவையைத் தள்ளுவது ஸ்லேவ் சிலிண்டர். பழைய வரைவில் 'தலைமை உருளை', 'அடிமை உருளை' என்று இருக்கின்றன. அடிமை என்ற சொல்லை மாணவர் கையில் கொடுக்க மனம் ஒப்பவில்லை. திரவத்தில் புகுந்த காற்றை வெளியேற்றும் 'ப்ளீடிங்' என்பதைக் 'குருதி வடித்தல்' என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் மாற வேண்டும்.

மடல் 2 (இலக்கண ஆசிரியர்)

அடங்கு–அடக்கு, திருந்து–திருத்து வரிசையில் இயங்கு–இயக்கு இருக்கிறதே அம்மா. அழுத்தத்தை அனுப்புவது இயக்குருளை, பெற்று நகர்வது இயங்குருளை. தன்வினை, பிறவினை வேறுபாடு ஒரே மெய்யெழுத்தில் முடிந்துவிடுகிறது.

மடல் 3 (பணிமனைப் பயிற்றுநர்)

அந்த ஒரே மெய்யெழுத்துதான் ஐயா சிக்கல். கறை படிந்த தாளில் ங், க் வேறுபாடு நிற்காது. இரண்டு சிலிண்டருக்கும் துளை விட்டம் வேறு. பிஸ்டனைத் தாண்டித் திரவம் போகாமல் தடுக்கும் ரப்பர் கப், ஒன்றினுடையது மற்றதில் பொருந்தாது.

கசிவு தேடும் வரிசையைப் பாருங்கள். மிதிக்கு மேலே தள்ளுகோல் நுழையும் இடத்தில் ஈரம் என்றால் மாஸ்டரின் பின் சீல். ஸ்லேவின் தூசுறையை விலக்கியதும் திரவம் வழிந்தால் ஸ்லேவின் சீல். சேறும் நீரும் அந்த உறைக்குள் புகுந்து துளையின் சுவரை அரிப்பதால் இந்த வகை வண்டிகளில் இது அடிக்கடி வரும். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் மிதி மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் மாஸ்டருக்குள்ளேயே கப்பைத் தாண்டித் திரவம் பின்னுக்குப் போகிறது. துளையில் குழி விழுந்திருந்தால் கப் மாற்றிப் பயனில்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும். இத்தனை இடங்களில் இரண்டு பெயரும் மாறி மாறி வரும். காதால் கேட்டாலே பிரிந்து தெரியும் சொற்கள் தாருங்கள்.

மடல் 4 (இலக்கியம் பயில்பவர்)

'இயங்கு' பொருளிலும் பிசகுகிறது. ஸ்லேவ் தான் நகர்வதோடு நிற்பதில்லை, கவையைத் தள்ளி வேலையை முடிக்கிறது. மூன்றாம் வேற்றுமையில் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்று படித்திருக்கிறோம். அரசனால் ஆகிய கோயில் என்றால் அரசன் ஏவியவன். தச்சனால் ஆகிய கோயில் என்றால் தச்சன் செய்தவன். மாஸ்டர் ஏவுகிறது, ஸ்லேவ் இயற்றுகிறது. ஏவுருளை, இயற்றுருளை. அடிமைத்தனமும் போயிற்று.

மடல் 5 (இலக்கண ஆசிரியர்)

கருத்தை ஏற்கிறேன், புணர்ச்சியை ஏற்கமாட்டேன். 'ஏவு' முற்றியலுகரம், உடம்படுமெய் பெற்று 'ஏவுவுருளை' ஆக வேண்டும். தவிர, உருளுவதுதான் உருளை. இங்கே எது உருள்கிறது? உள்ளே பிஸ்டன் போய் வருகிறது, அவ்வளவே. 'குழல்' என்பதே நேர்.

மடல் 6 (இலக்கியம் பயில்பவர்)

'முற்றுமற் றொரோவழி', அதாவது முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று நன்னூலே வழிவிடுகிறதே! கதவு + அழகு கதவழகு ஆகும்போது ஏவுருளைக்கு என்ன தடை? குழல் என்றால் இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் குழாயோடு குழம்பும்.

மடல் 7 (பணிமனைப் பயிற்றுநர்)

உருளையோ குழலோ, இதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. வரைவில் 'நீரியல் எண்ணெய்' என்று வருகிறது. அதைப் படித்து யாராவது என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் கப்புகள் எல்லாம் ஊதிப் பருத்து வீணாகும். அதில் நிற்க வேண்டியது கையேடு குறிப்பிடும் பிரேக் திரவம், பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 (டாட் என்பது பிரேக் திரவத்தின் தரக் குறியீடு). சிலிக்கோன் வகையான டாட் 5-ஐக் கலக்கக் கூடாது. எண்ணெய் என்ற சொல்லே அந்த இயலில் வேண்டாம். கியர்பெட்டி முகப்பின் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டின்) அடித்துளையில் சொட்டுவது எது என்று பார்க்கவும் இந்த வேறுபாடே உதவுகிறது: ஒரு துளியை நீரில் விட்டால் பிரேக் திரவம் கரையும், ஆயில் மிதக்கும்.

'ப்ளீடிங்'குக்குப் பணிமனையில் எல்லாரும் 'ஏர் எடுக்கிறது' என்கிறார்கள். செய்கிற வேலையும் அதுவே. ஸ்லேவின் நிப்பிளில் (காற்றை வெளியே விடும் திருகில்) தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள புட்டியில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே மிதியை விட வேண்டும். முந்தினால் காற்று திரும்ப ஏறும். மேல் தொட்டி வற்றினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நிப்பிள் மேடான இடத்தில் இல்லாத ஸ்லேவில் குமிழி ஒளிந்திருக்கும். கழற்றி, பிஸ்டனை உள்ளே தள்ளிப் பிடித்து, நிப்பிளை மேல்நோக்கித் திருப்பினால் வெளியேறும். கழற்றிய நிலையில் மிதியைத் தொடக் கூடாது, பிஸ்டன் தெறித்துவிடும்.

மடல் 8 (இலக்கியம் பயில்பவர்)

'வளிநீக்கம்' தூயது. 'காற்றெடுப்பு' புரிவது. இந்த வேலைக்குப் புரிவதே போதும்.

மடல் 9 (மொழிபெயர்ப்பாளர்)

நாளை தாள் போகிறது. பெரும்பான்மைப்படி ஏவுருளை, இயற்றுருளை, பிரேக் திரவம், காற்றெடுப்பு. ஒவ்வோர் இயலிலும் முதல் முறை 'மாஸ்டர் சிலிண்டர் என்னும் ஏவுருளை' என்று சேர்த்தே எழுதுகிறேன். 'மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர்' என்று தனிமடலில் வந்த யோசனையை எடுக்கவில்லை. சில வண்டிகளில் ஸ்லேவ் கியர்பெட்டியின் உள்தண்டைச் சுற்றி, முகப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதைக் 'கீழ்' என்றால் வண்டிக்கு அடியில் தேடுவார்கள். உண்மையில் கியர்பெட்டியை இறக்கினால்தான் கண்ணில் படும்.

மடல் 10 (பணிமனைப் பயிற்றுநர்)

ஏவுருளை சரி. 'இயற்றுருளை'யை மாணவர்கள் பேச்சில் எடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. உதிரிப்பாகப் பட்டியலிலாவது ஸ்லேவ் சிலிண்டர் என்றே விடுங்கள்.

மடல் 11 (இலக்கண ஆசிரியர்)

ஏவுவுருளை என்றே என் வாக்கைப் பதியவும். ஈரம் பூத்தல், கசிதல், சொட்டுதல் மூன்றையும் வரைவு 'கசிவு' என்ற ஒன்றிலேயே அடைத்திருக்கிறது. அது தனி இழையில் தொடரும்.