மைக்ரேஷன்ஸ் ஃபோல்டர் டிஸ்க்கில் இருக்கு, எடிட்டரில் காணோம். ஃபைல் மரத்தை எப்படி ஒழுங்கு பண்றது?

கெடிலக்கரை எழுதியது (புதன், காலை):

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருத்தருக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக்கறேன். ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவற கட்டமைப்பு) எழுதினது. நான் எழுதினது இல்லை. எனக்கு முன்னாடி இருந்த பையன் எழுதி வெச்சுட்டு பெங்களூர் போயிட்டான். டாலியில் கணக்கு எழுதிட்டிருந்து பைத்தானுக்கு வந்தவ நான், மூணு வருஷம்தான் ஆகுது. கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கோங்க.

நேத்து ராத்திரி நடந்தது இது. டபிள்யூ 240, டபிள்யூ 320ன்னு பருப்பைத் தரம் பிரிச்சுப் போடற பில்லில், காலி டின் எடையும் தனியா வரணும்னு ஓனர் கேட்டார். டேபிளில் என்னென்ன ஃபீல்டுன்னு எழுதற மாடல்ஸ் ஃபைலைத் திறந்தா அந்த ஃபீல்டு ஏற்கெனவே அங்க இருக்கு. சரி, டேபிளுக்குள்ள போயிருக்கான்னு மைக்ரேஷன் (டேபிளை மாத்தற ஃபைல்) பார்க்கலாம்னா, விஎஸ் கோட் எடிட்டரின் இடது பக்க ஃபைல் மரத்தில் மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரே இல்லை. ப்ராஜெக்டுக்குள்ள மொத்தம் ஆறு ஆப் (ஜாங்கோவில் ஒவ்வொரு பகுதிக்கும் அதான் பேர்). ஒண்ணுலயும் இல்லை.

அழிஞ்சுபோச்சுன்னு நினைச்சு கை நடுங்கிடுச்சு. மாடல்ஸில் புது மாற்றம் இருக்கான்னு பார்த்து மைக்ரேஷன் எழுதற மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை ஓட்டினேன், மாற்றம் எதுவும் இல்லைன்னு பதில் வந்தது. கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப் போட்டு ஃபீல்டு பேரைத் தேடினா மாடல்ஸ் ஃபைல் ஒண்ணுதான் வருது. நடுவுல கரண்ட் வேற போச்சு. கடைசியா டெர்மினலில் எல்எஸ் அடிச்சா 14 மைக்ரேஷன் ஃபைலும் வரிசையா நிக்குது!

கேள்வி ஒண்ணு: இது ஏன் மரத்தில் மட்டும் தெரியலை?

ரெண்டு: இந்த மரத்தை எப்படியாவது சீர் பண்ண முடியுமா? என்னுது 14 இன்ச் லேப்டாப். எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் முதல்ல ஒரு பைகேஷ் (பைத்தான் தானா உண்டாக்கற ஃபோல்டர்). வியூஸ்ங்கற பேரில் ஆறு ஃபைல். பிரிண்ட் பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் டைப்ஸ்கிரிப்ட் இருக்கு, அதோட பக்கத்துலயே அதிலிருந்து கம்பைல் ஆன ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்). போன மாசம் தெரியாம அந்த ஜேஎஸ்ஸைத் திருத்திட்டு, மறுநாள் பார்த்தா திரும்பக் கம்பைல் ஆகி என் திருத்தமெல்லாம் போயிருந்தது. அப்புறம் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரும் அதுக்குள்ள இருக்கிற பில்லிங் ஃபோல்டரும் நடுவுல ஒரு கோடு போட்டு ஒரே வரியா ஒட்டிக்கிட்டு வருது. டெம்ப்ளேட்ஸில் ஃபைல் போடலாம்னா அது பில்லிங்குக்குள்ள போய் உக்காருது.

அஞ்சறைப் பெட்டி மாதிரி அழகா வேணும்னு கேக்கலை. மிளகாய்த்தூள் எங்கன்னு தெரிஞ்சா போதும்.

லாஸ்பேட்டை_வாசி:

மேடம், எதுவும் அழியலை, போன பையன் திரை போட்டு மறைச்சிருக்கான். ஃபைல்ஸ் எக்ஸ்க்ளூட்னு ஒரு செட்டிங் இருக்கு. அதில் பேர் எழுதிட்டா அந்த ஃபைல் மரத்தில் வராது, பேர் அடிச்சு ஃபைல் திறக்கற கண்ட்ரோல் பி-யில் வராது, தேடினாலும் வராது. நீங்க ஃபீல்டு பேரைத் தேடியும் கிடைக்காதது அதனாலதான். ஜாங்கோவுக்கு எடிட்டர் செட்டிங்கெல்லாம் தெரியாது, அது நேரா டிஸ்க்கைப் பார்க்குது. அதான் மாற்றம் இல்லைன்னு சரியாச் சொல்லிடுச்சு.

கண்ட்ரோல் கமா அடிச்சு செட்டிங்ஸ் திறந்து தேடுங்க (பேரெல்லாம் நான் தமிழில் எழுதறேன், அங்க இங்கிலீஷில் அடிக்கணும்). மேல யூசர், வொர்க்ஸ்பேஸ்னு ரெண்டு டேப் இருக்கும். உங்க பிரச்சினை வொர்க்ஸ்பேஸ் டேபில் இருக்கும்னு பந்தயம் கட்டறேன். அந்த செட்டிங் ப்ராஜெக்டுக்குள்ள இருக்கிற விஎஸ்கோட் ஃபோல்டரில் செட்டிங்ஸ் ஜேசனா உக்கார்ந்திருக்கும். அவன் அதை கிட்டில் (கோடு மாற்றங்களைப் பதிஞ்சு வெக்கற கருவி) சேர்த்திருந்தா, அதிலிருந்து க்ளோன், அதாவது காப்பி, பண்ற எல்லார் கண்ணையும் சேர்த்துக் கட்டிடும். யூசர் டேபில் ஃபால்ஸ்னு போட்டா சரியாகாது. ரெண்டும் மோதினா வொர்க்ஸ்பேஸ்தான் ஜெயிக்கும், அங்கேயே எடுக்கணும்.

செட்டிங்ஸைத் தொடாம ஒரே ஒரு தடவை தேடிப் பார்க்கணும்னா, சர்ச் பேனலில் மூணு புள்ளியை அழுத்துங்க. எக்ஸ்க்ளூட் பெட்டி ஓரத்தில் சக்கரம் மாதிரி ஒரு பட்டன் வரும். அதை அணைச்சுட்டுத் தேடினா மறைச்சு வெச்சதும் வரும்.

இன்னொண்ணு, இது நான் சூடுபட்ட கதை. கிட் இக்னோரில் (கிட் கண்டுக்க வேண்டாத ஃபைல்களோட பட்டியல்) இருக்கிறதையெல்லாம் மரத்திலிருந்தும் எடுத்துடற செட்டிங் ஒண்ணு 2022-இல் வந்தது. பைகேஷ், நோட் மாட்யூல்ஸ் எல்லாம் ஒரே டிக்கில் போயிடும், ஆசையா இருக்கும். ஆனா கிட் இக்னோரில் பாஸ்வேர்டெல்லாம் வெக்கிற என்வி ஃபைலும் இருக்குமே! இசிஆர் பக்கம் முன்னாடி வேலை பார்த்த இடத்தில் நான்தான் இதை வொர்க்ஸ்பேஸில் போட்டு வெச்சேன். புதுசா சேர்ந்த பொண்ணு என்வி ஃபைல் இல்லைன்னு நினைச்சு, டெர்மினலில் எக்கோ போட்டுப் புதுசா ஒண்ணு எழுதிடுச்சு. பழைய பாஸ்வேர்டெல்லாம் அதோட போச்சு. அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு?

ஞாயித்துக்கிழமை_சந்தை:

மரத்தை எதுக்குச் சீவி சிங்காரிக்கணும்? கண்ட்ரோல் பி அடிச்சு மூடுங்க. கண்ட்ரோல் பி, நாலு எழுத்து, ஃபைல் வந்துடும். எனக்கு மரத்தைப் பார்த்து மாசக்கணக்கா ஆகுது. காந்தி வீதி சந்தைக்குப் போனா எல்லாக் கடையும் ஏறி இறங்கிட்டா சட்டை எடுக்கறோம்?

கெடிலக்கரை:

லாஸ்பேட்டை அண்ணா, பந்தயம் நீங்கதான் ஜெயிச்சீங்க. வொர்க்ஸ்பேஸில்தான் இருந்தது. மைக்ரேஷன்ஸ், டெஸ்ட்ஸ், ஸ்டாடிக் மூணையும் மறைச்சு வெச்சிருக்கான். டெஸ்ட்ஸ்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எட்டு மாசமா ஒவ்வொரு பில்லா பிரவுசரில் போட்டுப் பார்த்துட்டிருந்தேன்.

சந்தைக்காரரே, கண்ட்ரோல் பி-யில் அடிக்க முதல்ல ஃபைல் பேர் தெரியணுமே. நீங்க எழுதின கோடு உங்களுக்கு மனப்பாடம். நான் அடுத்தவன் வீட்டு சமையலறையில் நிக்கறேன். எந்த டப்பாவில் என்ன இருக்குன்னு மரத்தைப் பார்த்துத்தான் கத்துக்கணும். சந்தையிலயும் எங்கம்மா எல்லாக் கடையும் ஏறி இறங்கித்தான் எடுப்பாங்க.

மொட்டைமாடி:

தங்கச்சி, உன் ரெண்டாவது கேள்விக்கு வரேன்.

ஒட்டிக்கிட்டு வர்ற ஃபோல்டர்: காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்னு செட்டிங்ஸில் தேடி டிக்கை எடுத்துடு. ஒரு ஃபோல்டருக்குள்ள இன்னொரு ஃபோல்டர் மட்டும் தனியா இருந்தா ரெண்டையும் ஒரே வரியாக் காட்டறது அது. ஜாங்கோக்காரங்களுக்குத்தான் இதில் அதிக எரிச்சல். டெம்ப்ளேட்ஸுக்குள்ள ஆப் பேரிலேயே இன்னொரு ஃபோல்டர் போடறது நம்ம வழக்கமாச்சே. எடுக்க மனசில்லைன்னா, அந்த வரியில் டெம்ப்ளேட்ஸ்ங்கற வார்த்தை மேலயே ரைட் க்ளிக் பண்ணு, ஃபைல் அங்கதான் போகும். எனக்கு அந்த வித்தை சரிப்பட்டு வரலை, எடுத்துட்டேன்.

டைப்ஸ்கிரிப்டும் ஜேஎஸ்ஸும்: இதுக்கு ஃபைல் நெஸ்டிங். ஜேஎஸ் ஃபைல் மறையாது, தன்னோட டைப்ஸ்கிரிப்ட் ஃபைலுக்குக் கீழ பிள்ளை மாதிரி மடிஞ்சு உக்காரும். அம்புக்குறியைத் தட்டினா தெரியும். 2022-இல் வந்த வசதி, நாமதான் ஆன் பண்ணணும். டைப்ஸ்கிரிப்டுக்குக் கீழ ஜேஎஸ், பேக்கேஜ் ஜேசனுக்குக் கீழ லாக் ஃபைல்னு சில ஜோடி அதிலேயே எழுதியிருக்கும், உனக்கு அதுவே போதும். ஆன் பண்ணினதும் "என்னக்கா, மடியவே இல்லை"ன்னு கேப்பே. நெஸ்டிங் எக்ஸ்பாண்ட்னு இன்னொரு டிக் இருக்கு, முதல்லேயே எல்லாத்தையும் விரிச்சுக் காட்டறது அதுதான். அதையும் எடு.

அடுத்து உனக்கு மாடல்ஸ் ஃபைலுக்குக் கீழ மைக்ரேஷன்ஸை மடிச்சு வெக்கலாமேன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. நடக்காது. ஒரே ஃபோல்டருக்குள்ள பக்கத்துல பக்கத்துல இருக்கிற ஃபைல்தான் மடியும், ஃபோல்டரை மடிக்க முடியாது.

ஆறு வியூஸ் இருக்கே, அதை மரத்தில் ஒண்ணும் பண்ண முடியாது, அது அது அதன் ஃபோல்டரில்தான் இருக்கும். குழப்பம் மேல டேபில்தான் வரும். ஒரே பேரில் ரெண்டு ஃபைல் திறந்திருந்தா பக்கத்துல மங்கலா ஃபோல்டர் பேர் வருது, என் கண்ணுக்கு அது பத்தலை. கஸ்டம் லேபிள்ஸ்னு 2024-இல் ஒண்ணு குடுத்தாங்க. வியூஸ் ஃபைல் எங்க இருந்தாலும் ஃபோல்டர் பேரை முன்னாடி போட்டுக் காட்டுன்னு ஒரு வரி எழுதினா, டேபில் "பில்லிங் வியூஸ்", "ஸ்டாக் வியூஸ்"னு வரும். மரத்தில் பேர் மாறாது.

வரி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அப்பியிருக்கிற மாதிரி தெரிஞ்சா ட்ரீ இண்டெண்ட். 8 பிக்சல்தான் குடுத்திருப்பாங்க, நான் 16 வெச்சிருக்கேன். 14 இன்ச்சில் 16 வெச்சா பேர் ஓரத்தில் வெட்டுப்படும், 12 வெச்சுப் பாரு. இண்டெண்ட் கைட்ஸை ஆல்வேஸ்னு வெச்சா நேர்க்கோடு எப்பவும் தெரியும், எது எதுக்குள்ள இருக்குன்னு விரல் வெச்சுப் பார்க்க வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை_சந்தை:

அம்மா விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, சைட்பாரை வலது பக்கம் மாத்திப் பாருங்க. கண்ட்ரோல் பி அடிச்சு மூடித் திறக்கும்போது கோடு இடம் நகராது. 14 இன்ச்சில் அது பெரிய நிம்மதி.

(மேல கண்ட்ரோல் பி அடிச்சு மூடுங்கன்னு எழுதினதும் தப்பு. மூடறது கண்ட்ரோல் *பி ஃபார் பாம்பே*, ஃபைல் தேடறது *பி ஃபார் பாண்டிச்சேரி*. தமிழில் எழுதினா ரெண்டும் பி.)

கெடிலக்கரை (வெள்ளி):

பாம்பே, பாண்டிச்சேரி ரெண்டையும் மானிட்டர் ஓரத்தில் பேப்பரில் எழுதி ஒட்டிட்டேன்.

வொர்க்ஸ்பேஸில் அவன் எழுதின மூணு வரியையும் தூக்கிட்டு, கமிட் மெசேஜில் காரணமும் எழுதினேன். இப்ப மறைச்சு வெச்சிருக்கிறது பைகேஷ் ஒண்ணுதான், அதுவும் என் யூசர் செட்டிங்ஸில். நாளைக்கு வேற யாராவது வந்தா அவங்க கண்ணை நான் கட்டக் கூடாது. காம்பாக்ட் எடுத்தாச்சு. நெஸ்டிங் போட்டதும் ஜேஎஸ் எல்லாம் அடங்கிடுச்சு. இண்டெண்ட் 12. வலது பக்க சைட்பார் ரெண்டு நாள் வெச்சிருந்தேன், கை தானா இடது பக்கமே போகுது, திருப்பிட்டேன், மன்னிச்சுக்கோங்க. கஸ்டம் லேபிள்ஸ்தான் அக்கா ரொம்பப் பிடிச்சது.

டின் எடை ஃபீல்டு 11-ஆவது மைக்ரேஷனிலேயே டேபிளுக்குள்ள போயிருக்கு. ஃபார்மில் மட்டும் அதைச் சேர்க்காம விட்டிருக்கான். ஒரே வரி. வியாழக்கிழமை பில்லில் வந்துடுச்சு, ஓனர் வேற எதுவும் சொல்லலை, 10 கிலோ டின்னுக்கும் அட்டைப் பெட்டிக்கும் தனித்தனியா வருமான்னு கேட்டார்.

மறைஞ்சிருந்த டெஸ்ட்ஸையும் ஓட்டிப் பார்த்தேன். 9 இருக்கு, 4 ஃபெயில். அதுக்குத் தனியா ஒரு இழை போடறேன்.