கஜா புயல் பகுதிக்கு 12 பேர் கிளம்புகிறோம்: எதை எடுத்துப் போவது, போய் என்ன செய்வது?

நித்திரவிளை வாசகசாலை | 19 நவம்பர் 2018

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் குமரி மாவட்டம் நித்திரவிளையில் ஒரு வாசகசாலையில் கூடுகிற 12 பேர். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், களியக்காவிளையில் கடை வைத்திருப்பவர், கல்லூரியில் படிக்கிற என்னைப் போன்ற நாலு பேர் என்று கலந்து இருக்கிறோம். எங்கள் பக்கம் ஒக்கி புயல் அடித்து இந்த 30-ஆம் தேதியோடு ஒரு வருஷம். அன்றைக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து எங்கள் ஊரில் வேலை செய்தார்கள். இப்போது காவிரி டெல்டாக்காரர்களுக்கு அந்த நிலைமை. 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா கரையேறியதிலிருந்து எங்களில் யாருக்கும் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.

தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கம் எங்களில் ஒருவருடைய மாமனார் வீடு இருக்கிறது. தென்னந்தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது என்று ஒரு தடவை போனில் சொன்னார், அப்புறம் லைன் கிடைக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி மினி லாரியில் கிளம்புகிறோம். இதுவரை 14 மூட்டை துணி சேர்ந்திருக்கிறது, அரிசியும் கொஞ்சம் இருக்கிறது. இந்த வேலையைச் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். வேறு என்ன எடுக்க வேண்டும்? போய் இறங்கியதும் முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

மரவேலைக்காரன், அருமனை | 19 நவம்பர்

தம்பிமாரே, நான் இருபது வருஷமாக மரம் அறுக்கிறவன். ஒக்கி அடித்த மறுநாளிலிருந்து பதினெட்டு நாள் மெஷின் வாளைக் கீழே வைக்கவில்லை. ரோட்டில் கிடந்த மரம், ஓட்டின்மேல் கிடந்த மரம், கம்பியோடு சுற்றிக் கிடந்த மரம் எல்லாம் அறுத்திருக்கிறேன். அதனால் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எண்ணாத மரத்தை அறுக்காதீர்கள். இதை எழுதத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் எங்கள் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு அக்காவின் தோட்டத்தில் 41 ரப்பர் சாய்ந்து கிடந்தது. பாவம் என்று காசு வாங்காமல் இரண்டே நாளில் அறுத்து அடுக்கிக் கொடுத்தேன். அக்கா மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து, கட்டன் சாயா (பால் இல்லாத டீ) போட்டுத் தந்தார். விறகு வண்டி ஏறிப் போயிற்று, வேர் பிடுங்கிய குழியையும் மூடினோம். நாலு நாள் கழித்து நஷ்டக் கணக்கு எடுக்க வந்தவர் கண்ணில் பட்டது 12 மரம்தான். அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். மீதி 29 மரத்துக்கு அந்த அக்காவுக்கு ஒரு பைசா வரவில்லை. நான் உதவி என்று நினைத்துச் செய்தது அது. இன்றைக்கும் அந்த வீட்டு வழியாகப் போகும்போது எனக்கு மனசு கேட்காது.

அதனால் வாளுக்கு முன்னால் பெயிண்ட் டப்பா எடுத்து வையுங்கள். மரத்துக்கு மரம் நம்பர் போடுங்கள். தோப்புக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுங்கள். பட்டா நம்பர், சர்வே நம்பர், மொத்த மரம், விழுந்த மரம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி அவரிடமே கொடுத்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்த பிறகு அறுங்கள். வீட்டின்மேல் கிடப்பதும் வழியை அடைத்துக் கிடப்பதும் காத்திருக்க முடியாது, அதைப் போட்டோ எடுத்துவிட்டு உடனே அறுக்கலாம்.

இனி உயிர் விஷயம். கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் மரத்தை, கரண்ட் இல்லை என்று ஊரே சொன்னாலும் தொடாதீர்கள். யாராவது வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அந்தக் கம்பியில் திரும்பிக் கரண்ட் வரும். லைன்மேன் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். வேரோடு சாய்ந்த மரத்தை நடுவில் அறுத்தால், பாரம் குறைந்ததும் வேர்க்கட்டு மண்ணோடு எழும்பித் திரும்பக் குழியில் விழும். பிள்ளைகள் அந்தக் குழியில் இறங்கித்தான் விளையாடுவார்கள், அங்கே ஒரு ஆளை நிறுத்துங்கள். வளைந்து முறுக்கி நிற்கும் கொம்பில், முதலில் அமுங்கியிருக்கும் பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் இழுபட்டு நிற்கும் பக்கம் அறுக்க வேண்டும். மாற்றி அறுத்தால் கொம்பு முகத்தில் அடிக்கும்.

தென்னை நாரும் மண்ணும் சேர்ந்து செயினைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். வட்ட அரம் நாலைந்து, கூடுதல் செயின், செயின் ஆயில் வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் பெட்ரோல் பங்க்கும் ஓடாது, ஏடிஎம்மும் ஓடாது. கேனில் பெட்ரோலும் கையில் சில்லறையும் கொண்டு போங்கள்.

கரைக்காரி, சின்னத்துறை | 20 நவம்பர்

மக்களே, அந்த 14 மூட்டையை ஏற்றாதீர்கள். ஒக்கிக்குப் பிறகு எங்கள் கோயில் முற்றத்தில் பழைய துணி மலைபோல் குவிந்து கிடந்தது. மழையில் நனைந்து நாற்றம் எடுத்து, கடைசியில் நாங்களே வாரிக் கொளுத்தினோம். கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரு புது நைட்டியும் உள்ளாடையும் நாப்கினும். அதை யாரிடம் வாய்விட்டுக் கேட்பது? சேர்ந்த காசில் அதை வாங்கிப் போங்கள். கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் இருக்கட்டும். உங்கள் 12 பேரில் பெண் உண்டா?

எங்களுக்குப் பெரிய உதவி செய்தது நோட்டும் பேனாவுமாக வந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். எங்கள் ஆட்கள் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள், கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். எச்சரிக்கை வருவதற்கு முன்பே போன படகுகள் அவை. கொச்சியிலிருந்து போனவர்கள் உண்டு, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து போனவர்கள் உண்டு. ஒரே படகில் தூத்தூர் ஆள், வள்ளவிளை ஆள், பொழியூர் ஆள் எல்லாம் இருப்பார்கள். நாங்கள் இருப்பது தமிழ்நாடு, எங்கள் பங்கு திருவனந்தபுரம் மறைமாவட்டம், படகு நிற்பது கொச்சி. அப்போது காணாமல் போனவரை யார் கணக்கில் எழுதுவது? ஒரு பட்டியலில் இருந்த பெயர் இன்னொன்றில் இல்லை.

அந்தப் பிள்ளைகள் வீடு வீடாக உட்கார்ந்து படகு நம்பர், கூடப் போனவர்கள் யார் யார், எந்தத் துறையிலிருந்து என்றைக்குப் போனார்கள், கடைசியாக எப்போது பேசினார்கள் என்று எல்லாம் எழுதினார்கள். காணாமல் போனவரை இறந்தவராக எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் என்று சட்டம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் எப்படிக் காத்திருப்பது? அதைத் தளர்த்தச் சொல்லி நாங்கள் பேசும்போது எங்கள் கையில் இருந்தது அந்த நோட்டுத்தான். என் வீட்டு ஆள் திரும்பி வந்தார். அடுத்த வீட்டு அண்ணன் வரவில்லை. அவர் பெயரைச் சொல்லி முடிக்கும் வரை அந்தப் பிள்ளை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவே இல்லை.

நர்ஸ், பாறசாலை | 20 நவம்பர்

ஆகஸ்டில் கேரளத்தில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு செங்கன்னூரில் சேறு வாரப் போயிருந்தேன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று ஞாபகம் இல்லாதவர்கள் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் நின்று வேலை செய்வதாக இருந்தால் எலிப்பனி (எலிக்காய்ச்சல்) பயம் உண்டு, ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். எங்களுக்கு சுகாதார நிலையத்தில் டாக்ஸிசைக்கிளின் 200 மில்லிகிராம் வாரம் ஒருமுறை கொடுத்தார்கள். டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால், சேற்றுத் தண்ணீரில் நின்றேன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நித்திரவிளை வாசகசாலை | 20 நவம்பர்

அக்கா, மூட்டைகளை இறக்கிவிட்டோம். எங்களில் ஒருவருடைய மனைவியும் தங்கையும் வருகிறார்கள், இப்போது 14 பேர். அண்ணா, எங்களில் யாருக்கும் மெஷின் வாள் பிடிக்கத் தெரியாது. ஒன்று வாடகைக்கு எடுத்தால் அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாமா?

மரவேலைக்காரன், அருமனை | 20 நவம்பர்

வேண்டாம். நேராக நிற்கும் மரத்தில் பழகலாம், புயல் சாய்த்த மரத்தில் பழகக் கூடாது. என்னிடம் இரண்டு மெஷின் இருக்கிறது. அக்காள் மகனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி மார்த்தாண்டத்தில் நிற்கிறேன். பெயிண்ட் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் வாங்குங்கள், நனைந்த தென்னையில் வெள்ளை தெரியாது.

நித்திரவிளை வாசகசாலை | 3 டிசம்பர்

நேற்று ராத்திரி ஊர் திரும்பினோம். முதல் மூன்று நாள் ஒரு தோப்பையும் அறுக்கவில்லை. வீட்டின்மேல் கிடந்த ஏழு மரத்தையும் ஒரு பள்ளிக்கூடத்து வழியையும் எடுத்துக் கொடுத்தோம், மற்ற நேரம் முழுக்க எண்ணினோம். 16 தோப்பில் நம்பர் போட்டு, 16 நோட்டு எழுதிக் கொடுத்தோம். மரத்துக்கு 600 ரூபாயும், அறுத்து அகற்ற 500 ரூபாயும் என்று அரசு அறிவித்திருக்கிறது. 30 வருஷம் வளர்த்த மரத்துக்கு இது எம்மாத்திரம்? ஆனாலும் 200 மரம் விழுந்தவருக்கு ஒவ்வொரு நம்பரும் காசு. ஒரு தாத்தா நோட்டை வாங்கி வேட்டி மடியில் செருகிக்கொண்டு, எங்களோடு கூடவே நடந்து, இது மகள் பிறந்த வருஷம் வைத்தது, இது அவள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வைத்தது என்று ஒவ்வொரு மரமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நம்பர் போட அதிக நேரம் ஆயிற்று. பரவாயில்லை என்று நடந்தோம்.

கேரள மின்வாரிய ஆட்கள் அங்கே கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு போட்ட வீட்டாருக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று மலையாளத்தைத் தமிழாக்கியதும் எங்கள் வேலையாயிற்று. கம்பியில் கிடந்த மரங்களை அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகே அண்ணா தொட்டார்.

இனி அறுக்கும் வேலை இருக்கிறது. அடிமரம் அழுகத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைத்து, மிச்சம் நிற்கும் தென்னைகளுக்கும் ஏறும் என்று அங்குள்ள விவசாயிகள் பயப்படுகிறார்கள். கணக்கெடுப்பு முடிந்த தோப்புகளுக்கு 15-ஆம் தேதி மறுபடியும் போகிறோம். மெஷின் வாள் ஓட்டிப் பழகியவர்கள் இரண்டு பேர் வேண்டும். வட்ட அரம் எட்டு, மஞ்சள் பெயிண்ட் நாலு லிட்டர், நைலான் கயிறு, தார்ப்பாய் இருந்தால் வாசகசாலையில் கொடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கும்.