ஓசூர் விமான நிலையமும் நாற்காலிக் கைப்பிடியும்

தகடூரான்:
ஓசூரில் விமான நிலையம் வந்தால் பெங்களூரு இரண்டாம் முனையம் மாதிரி மூங்கில் கூரையும் தொங்கும் தோட்டமும் வேண்டும், அதுதான் பயணிகள் வசதி என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல். போன மாதம் தங்கை பிரசவத்துக்காக அம்மாவை மஸ்கட் கூட்டிப் போனேன். அந்த பெங்களூரு முனையத்திலிருந்துதான் விமானம், அதிகாலை நாலரைக்கு. பாலக்கோட்டில் ராத்திரி எட்டுக்கே கிளம்பிவிட்டோம். உள்ளே நாற்காலிக்கு நாற்காலி இரும்புக் கைப்பிடி. முட்டிவலிக்காரி, காலை நீட்ட வழியில்லாமல் தரையில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தார். கைப்பிடி இல்லாத நாற்காலி பத்து வரிசை போடுங்கள், கூரையை அப்புறம் பார்க்கலாம்.

ஓசூர்வாசி:
அந்த ஒருவர் நான்தான். 2022 நவம்பரில் திறந்த அந்த முனையத்துக்குள் நுழைந்தாலே பதற்றம் அடங்கும், செடியும் வெளிச்சமும் அப்படி. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் 40 மீட்டர் அருவியே இருக்கிறது. கைப்பிடியை எடுத்தால் ஒருவர் படுப்பார், மூன்று பேர் நிற்பார்கள். முட்டிவலிக்காரர் எழுந்திருக்க ஊன்றுவதும் அந்தக் கைப்பிடியைத்தான்.

தகடூரான்:
அருவிக்கு எங்களுக்கு ஒகேனக்கல் இருக்கிறது சார். அதே சாங்கியில் சாய்ந்து தூங்கத் தனி இடமும் உண்டு, அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். எல்லாக் கைப்பிடியையும் பிடுங்கச் சொன்னேனா? ஓரமாகப் பத்து வரிசை!

ஊத்தங்கரை அக்கா:
முதலில் விமான நிலையம் வரட்டும் தம்பிகளா. 2024 ஜூனில் 2,000 ஏக்கர், வருடத்துக்கு 3 கோடிப் பயணிகள் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தப்படி மைசூரு, ஹாசன் தவிர 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு விமான நிலையம் வரக்கூடாது. அந்த 2,000 ஏக்கர் யார் வீட்டு நிலம், அதைப் பேசுங்கள்.

ஓசூர்வாசி:
நிலத்துக்கு விலை கிடைக்கும் அக்கா. தருமபுரிக்காரருக்கு இதில் என்ன வேலை? 2004-லேயே நாங்கள் கிருஷ்ணகிரி என்று தனி மாவட்டம். உங்களுக்குத்தான் சேலம் காமலாபுரம் விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறதே.

ஊத்தங்கரை அக்கா:
விலையா? மாந்தோப்பு வைத்து வளர்த்துப் பார்த்தால் தெரியும்.

தகடூரான்:
காமலாபுரத்திலிருந்து மஸ்கட் விமானம் நீங்கள் விடுகிறீர்களா? மாம்பழப் பேச்சு வந்தபோதும் இப்படித்தான் மாவட்டத்தை இழுத்தீர்கள், மறக்கவில்லை. மாவட்டத்தைப் பிரித்ததால் எங்கள் அம்மாவுக்கு முட்டிவலி போய்விட்டதா? அந்த ராத்திரி பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவரும் தரையில்தான். மேலே அலங்கார விளக்கு மட்டும் ஜொலித்தது. கைப்பிடி இல்லாமல் பத்து வரிசை.

ஓசூர்வாசி:
கைப்பிடி இருக்கத்தான் வேண்டும்.

தகடூரான்:
நீங்கள் ஒரு ராத்திரி அந்தத் தரையில் படுத்துவிட்டு வந்து இதைச் சொல்லுங்கள்.