பாம் மியூட்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘அடக்கி வாசித்தல்’ சரிப்படுமா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

மோர்காத் இசைக்குழுவின் ‘ஓடியம்’ (1993) பாட்டுத்தொகுப்பு பற்றிய கட்டுரை வரைவில் ஒரு சொல் இடறுகிறது. ஜெர்மனியின் மெஷெடே ஊர்க்காரர்கள். டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையைக் கேட்பவர்கள் இவர்கள் பெயரைச் சொன்னதும் 1991இல் வந்த ‘கர்ஸ்ட்’ தொகுப்பைத்தான் எடுப்பார்கள். ‘ஓடியம்’ அதன் நிழலிலேயே கிடக்கிறது. 1996இல் ‘ஃபீல் சாரி ஃபார் தி ஃபனாட்டிக்’ வந்தபோது குழு டெத் மெட்டலையே விட்டுவிட்டதால், நடுவில் இருந்த இதையும் ‘தடம் மாறத் தொடங்கிய தொகுப்பு’ என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு இதுதான் அவர்களின் கெட்டியான வேலை.

அதன் பலமே ஆலை இயந்திரம்போல வெட்டி வெட்டி விழும் நடுவேக ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள். அதற்குக் காரணம் பாம் மியூட், அதாவது மீட்டும் கையைக் கம்பியில் லேசாகப் பதித்து ஒலியைச் சட்டென முடிக்கும் முறை. வரைவில் ‘உள்ளங்கை அடக்கம்’ என்று போட்டிருக்கிறேன். படித்தால் யோகாசனம்போல இருக்கிறது. ‘அடக்கி வாசித்தல்’ எப்படி?

— இ.

மடல் 2

இ. அவர்களுக்கு,

முதலில் ‘உள்ளங்கை’யை எடுத்துவிடுங்கள். அந்த வேலையைச் செய்வது உள்ளங்கையே அல்ல. சுண்டுவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டிய சதைப்பற்றான விளிம்பு. பிக் (மீட்டும் வில்லை) பிடித்த கையின் அந்த விளிம்பு, கம்பிகள் பிரிட்ஜைவிட்டு (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டையைவிட்டு) கிளம்பும் இடத்தில் படவேண்டும். சில மில்லிமீட்டர்தான் கணக்கு. பிரிட்ஜின் மேலேயே கை இருந்தால் கம்பி அடங்காது. ஒரு விரற்கடை முன்னால் போனால் சுரமே செத்து ‘டக்’ என்ற கட்டைச் சத்தம் மட்டும் மிஞ்சும். சரியான இடத்தில் ‘ஜுக்’ என்று வரும்; சுரமும் தெரியும், வாலும் நீளாது.

‘அடக்கி வாசித்தல்’ கேட்க அழகுதான். ஆனால் தமிழில் அதற்குச் சத்தத்தைக் குறை, அலட்டாதே என்று பொருள் ஊறிவிட்டது. இங்கே சத்தம் குறைவதே இல்லை. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) ஏற்றிய ஆம்பில் (ஒலிபெருக்கியில்) கை விளிம்பு வைத்து அடித்தால் அடித்தட்டு ஒலி இன்னும் முட்டிக்கொண்டு வரும். குறைவது ஒலியின் நீளம். மோர்காத்தின் பாடகர் மார்க் க்ரூவே தொண்டை கிழியக் கத்தும் பாட்டில் கிட்டார்காரர் ‘அடக்கி வாசிக்கிறார்’ என்று எழுதினால் வாசகர் சிரிப்பார்.

— ம.

மடல் 3

யாழ்த் தொழில்களுக்குச் சிலம்பின் கானல்வரியில் ‘வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல்’ என்று பட்டியலே இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கலாமே?

— சு.

மடல் 4

சு. ஐயா,

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வார்தல் சுட்டுவிரலின் தொழில்; வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்ந்து செய்வது. இரண்டும் ஒலியை எழுப்பும் வேலை. நமக்கு வேண்டியது எழும்பிய ஒலியை உடனே முடிக்கும் வேலை. அதற்கு யாழைவிட மிருதங்கம் பக்கத்தில் இருக்கிறது. தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) தட்டிய கையை உடனே எடுத்தால் ‘தொம்’, திறந்த ஒலி. கையை அப்படியே வைத்தால் ‘த’, மூடிய ஒலி. கிட்டாரிலும் அதே திறப்பும் மூடலும்தான்.

ஆகவே மூடுமீட்டு என்கிறேன். எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது: திறமீட்டு. எதிர்ச்சொல் கிடைக்காத கலைச்சொல் கட்டுரையின் இரண்டாம் பத்தியிலேயே நொண்டும். விளிம்பை லேசாகத் தளர்த்தினால் வருவது அரைமூடு. சுரம் பிடிக்கும் கையால் கம்பியை அழுத்தாமல் தொட்டு, வெறும் கீறல் சத்தம் எழுப்புவது வேறு தொழில். அதை ஊமைமீட்டு எனலாம். இரண்டையும் ‘மியூட்’ என்று ஒரே சொல்லில் அடைப்பதால்தான் கற்பவர்கள் குழம்புகிறார்கள்.

— ம.

மடல் 5

‘மூடு’ என்றதும் ‘மூடு சரியில்லை’ நினைவுக்கு வருகிறது. பரவாயில்லை, ‘மீட்டு’ பக்கத்தில் நின்று காப்பாற்றுகிறது. வினையாக்கினால் ‘மூடி மீட்டினார்’, இதுவும் உறுத்தவில்லை.

கட்டுரையில் செய்முறைப் பெட்டி போடுவதானால் இவற்றையும் சேர்க்கவும்:

நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் அரைத்தட்டுக்குக் கிடைப்பது 250 மில்லிநொடி. மூடுமீட்டின் ஒலி அதற்குள் முடிந்து, அடுத்த அடிக்கு முன் ஒரு கீற்று அமைதி விழவேண்டும். அந்த அமைதி விழாவிட்டால் ரிஃப் சேறாகிவிடும். பெரும்பாலும் குற்றவாளி கை அல்ல, ஆம்பின் கெயின் (கரகரப்பைக் கூட்டும் திருகு). அதைக் குறைத்து, ஆம்புக்கு முன்னால் ஓர் ஓவர்டிரைவ் பெடல் (காலால் இயக்கும் கரகரப்புப் பெட்டி) வைத்து, அதன் டிரைவை (கரகரப்பு அளவை) ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவலை (ஒலி அளவை) உயர்த்தியும் விட்டால் டிஸ்டார்ஷனுக்குள் போகுமுன்பே கொழகொழப்பான அடித்தட்டு ஒலி கழிந்துவிடும். நாய்ஸ் கேட்டை (மெல்லிய இரைச்சலை அறுத்துவிடும் கருவியை) அளவுக்கு மீறி இறுக்கினால் திறமீட்டின் வாலும் சேர்ந்து அறுந்துவிடும்.

மிதக்கும் (ஸ்பிரிங்கில் ஆடும்) பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் கையை ஊன்றினால் பிரிட்ஜின் பின்பக்கம் அமுங்கி, சுருதி ஏறிவிடும். கை படவேண்டும், சாயக்கூடாது. சுருதியை C வரை இறக்குபவர்கள் 46 அளவுக் கம்பியோடு (அங்குலத்தின் ஆயிரத்தில் 46 பங்குத் தடிமன்) மல்லுக்கட்ட வேண்டாம். அது தொளதொளத்துப் பிக்குக்கு வளைந்து கொடுக்கும். கடைசியான தடித்த கம்பிக்கு 56 போட்டால் விறைப்பாக நிற்கும்.

— சு.

மடல் 6

இருவருக்கும் நன்றி. வரைவின் பத்தி இப்போது இப்படி:

“‘ஓடியம்’ வேகத்தை நம்பவில்லை. மூடுமீட்டில் நாலைந்து அடி, பிறகு ஒரு திறமீட்டு. அது முழங்கி ஓய்வதற்குள் மறுபடி மூடல். மூடல் கறாராக இருப்பதால்தான் திறக்கும்போது அத்தனை பெரிதாகக் கேட்கிறது. ‘கர்ஸ்ட்’டில் இருந்த பிணவாடை இதில் குறைவு; இரும்புவாடை அதிகம்.”

‘ரிஃப்’ ரிஃப்பாகவே இருக்கட்டும். அதற்குச் சொல் தேடுவது தனி இழை, இதில் கலக்கவேண்டாம். ‘திறமீட்டு’க்கு நடுவில் ‘ந்த’ சேர்த்துத் ‘திறந்தமீட்டு’ ஆக்கலாமா என்பது மட்டும் பாக்கி.

— இ.

மடல் 7

வேண்டாம். ‘திறவுகோல்’ இருக்கும் மொழியில் ‘திறவுமீட்டு’ இன்னும் பொருந்தும். அதையே போடுங்கள்.

— ம.